ஒன்பதாவது இடம், பச்சைக் கதவு

அந்த இயர்போனைக் கொஞ்சம் காதிலிருந்து எடுங்களேன். நிறுத்த வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும். மணிச் சத்தம் வந்தது இல்லையா? பிறகு, "சற்றே தலையை உயர்த்தி மாடி ஜன்னலைப் பாருங்கள்" என்று வந்தது. நீங்களும் உயர்த்தினீர்கள், ஜன்னலில் என்னைப் பார்த்தீர்கள், போனை எடுத்தீர்கள். மாடியிலிருந்து இறங்க எனக்குப் பதினெட்டு படி. அதற்குள் போய்விடுவீர்களோ என்று பயந்துகொண்டே வந்தேன்.

ஆமாம், அந்தக் குரல் என்னுடையதுதான். அப்படிப் பார்க்காதீர்கள். நேரில் எனக்குப் பாதிக் குரல்தான் வரும். கல்லூரியில் ஐந்து வருஷம், எம்.ஏ. வரைக்கும், வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிட்டால் பதில் சொல்வதற்குள் அடுத்த பெண்ணின் பேருக்குப் போய்விடுவார்கள். இரண்டு பேர் முன்னால் பேசு என்றால் கை வேர்த்துவிடும். ஆனால் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டால் பேசுவேன். சிரிக்கலாம், பரவாயில்லை. இந்த ஊரில் கோயில் மணி, தெருவில் ஆட்டோ, அடுப்படியில் மிக்சி, ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அதனால் அம்மாவின் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் போனை வைத்து, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு பதிவு செய்தேன். நீங்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறீர்களே, அந்த நிதானம், அந்தத் தைரியம் எல்லாம் புடவைகளிடம் பேசியது.

பெங்களூரில் ஒரு கம்பெனி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்குப் போனில் வழிகாட்டும் குரல் தருகிறவர்கள். அவர்கள் கேட்டது பன்னிரண்டு இடம். காவேரி இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போக நடுவில் தீவு, தீவுக்குள் மதில், மதிலுக்குள் மதில், எல்லாவற்றுக்கும் நடுவில் பெருமாள், மதில்களுக்கு இடையில் நாங்கள். இதை யாரும் கூட வராமல், தானே நடந்து, தானே கேட்டுப் பார்க்க வேண்டும். பதினோரு இடத்துக்குப் புத்தகம் இருந்தது. வெள்ளைக் கோபுரம், மதில், மண்டபம், எல்லாம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கு மட்டும், "புத்தகத்தில் இல்லாதது ஏதாவது வேண்டும். மனிதர்கள் வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். மனிதர்களுக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த மனிதர் ஒருத்திதான். எதிர்வீட்டு வகுளா அக்கா.

அதோ, மரநிறக் கதவு போட்ட வீடு. அதுதான். திரும்பிப் பார்க்காதீர்கள், வாசலில்தான் இருக்கிறாள்.

அப்போது அது பச்சைக் கதவு. உத்திர வீதியில் அந்த ஒரு வீட்டுக்குத்தான் பச்சை. அவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அப்பா சாரநாதன் மாமாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, அவர் வேஷ்டியைத் துவைத்துக்கொண்டு, மாடியில் இரண்டு தொட்டி துளசி வைத்துக்கொண்டு இருந்தாள். என் ஜன்னலும் அவள் ஜன்னலும் நேருக்கு நேர். சாயந்தரம் ஐந்தரைக்கு நான் இங்கே உட்கார்ந்தால் அவள் அங்கே வந்து தலையைக் கோதிக்கொண்டு நிற்பாள். "என்னடி பூமா, இன்னிக்கு என்ன படிச்சே?" என்பாள். நான் சொல்வேன். நடுவில் தெரு இருந்ததால்தான் என்னால் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பதினைந்து வயதிலிருந்து பதினோரு வருஷம். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் எனக்கு எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான் பார்ப்பேன், கேட்க மாட்டேன். அது என் குணம்.

பார்த்ததைத்தான் எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தைத் தேர் இந்த உத்திர வீதிகளில்தான் சுற்றி வரும். அன்றைக்குக் காலையில், வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும், அக்கா மாடிக் கம்பியில் ஒரு மாம்பழ நிறப் பட்டுப் புடவையைக் காயப்போடுவாள். பட்டைத் தேர் நாளில் யார் துவைப்பார்கள், சொல்லுங்கள். அதை அவள் கட்டி நான் பார்த்ததே இல்லை. தேர் வரும். வடம் பிடிக்கிற கூட்டத்தில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, நரைத்த தாடியோடு ஒரு மனிதர். இந்த இடத்துக்கு வந்ததும் ஒரே ஒரு முறை நிமிர்ந்து அந்தப் புடவையைப் பார்ப்பார். ஜன்னலைக்கூட இல்லை, புடவையை. பார்த்துவிட்டுக் குனிந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். தேர் திரும்பியதும் புடவை உள்ளே போய்விடும். வருஷா வருஷம். எத்தனையோ ஆயிரம் பேர் இந்தத் தெருவில் இருப்பார்கள், யாரும் கவனித்ததில்லை. நான் கவனித்தேன்.

நீங்கள்தான் காதில் கேட்டீர்களே, எப்படி எழுதியிருக்கிறேன் என்று. "இந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் வருஷத்துக்கு ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டு ஆறும் ஏழு மதிலும் அவர்களுக்கு நடுவில் இருக்கின்றன. ஒரு புடவை மட்டும் அவற்றைத் தாண்டுகிறது. தைத் தேர் அன்று வந்தால் நீங்களும் பார்க்கலாம்." பேர் சொல்லவில்லை. கதவு நம்பர் சொல்லவில்லை. அந்த இடத்தில் குரல் கொஞ்சம் உடையும், கேட்டிருப்பீர்கள். அது நடிப்பு இல்லை.

மார்கழியில் வெளியிட்டார்கள். கேட்டவர்கள் எழுதினார்கள், பன்னிரண்டில் ஒன்பதாவதுதான் உயிர் என்று. யார் இந்தப் பெண், என்ன குரல் என்று ஒருவர். புனேயிலிருந்து ஒரு தமிழ் அம்மா, ஒன்பதாவதை மூன்று முறை கேட்டு அழுததாக எழுதியிருந்தார். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் நான் இருக்கிறேனா இல்லையா என்பதையே மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

தேருக்கு மூன்று வாரம் முன்னால் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாடிக்கு. பதினோரு வருஷத்தில் முதல் முறை. கட்டில் ஓரத்தில், எழுந்து போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"பூமா, சென்னைலேர்ந்து யாரோ ரெண்டு பேர் வந்து அப்பாகிட்ட, 'புடவை காயப்போடற அம்மா இருக்காங்களா'ன்னு கேட்டாடி."

ஜன்னல் வழியாக, மாமா வாசலில் இருக்கிறாரா என்று பார்த்தேன். "மாமா என்ன சொன்னார்?"

"அவருக்குப் பாதிதான் காது கேக்கும். துணிக் கடை தெற்கு வாசல்லேன்னு சொல்லி அனுப்பிட்டார்." அவள் சிரிக்கவில்லை. "நான் அவா போன்ல வாங்கிக் கேட்டேன். உன் குரல்தானே?"

"பேரே சொல்லலையே அக்கா."

"கதவச் சொன்னியே."

"பச்சைக் கதவு எத்தனையோ இருக்கும்..."

"இந்த வீதியிலயா? எண்ணிச் சொல்லு."

நான் எண்ணவில்லை. அவள் என் மேஜையில் இருந்த பேனாவை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "அது ஒண்ண மட்டும் எடுத்துடேன். தேருக்கு முன்னால எடுத்துடு" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை பாருங்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சொல்லியிருக்கலாமே? அந்த மனிதர் யார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். எழுதினதையும் மாற்றியிருப்பேன்.

எடுத்துவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். கம்பெனிக்கு மெயிலும் எழுதினேன். இதோ, என் போனிலேயே இருக்கிறது, பாருங்கள், தேதியோடு இருக்கிறது. அனுப்பவில்லை. அவ்வளவுதான். அந்த வாரம்தான் அவர்கள் கும்பகோணத்துக்கும் என்னையே எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாவது மாதிரி அங்கேயும் ஒன்று வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் ஒன்பதாவதையே எடுங்கள் என்றால் என்ன நினைப்பார்கள்? தேர் முடியட்டும், நிதானமாக எழுதலாம் என்று இருந்தேன். தேர் வரைக்கும் இருபது நாள். இருபது நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அக்காவிடம் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேனா? நினைவில்லை. தலையை ஆட்டியிருப்பேன்.

தேர் அன்றைக்கு ஒரு முப்பது பேர். சரியாக இந்த இடத்தில். எல்லோர் காதிலும் இது. கம்பெனிக்காரர்கள் முதல் நாளே எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறார்கள், 'நாளை தைத் தேர், ஒன்பதாவது இடத்தைத் தவறவிடாதீர்கள்' என்று. அது எனக்குத் தெரியாது. நான் பாருங்கள் என்றுதான் சொன்னேன், படம் எடுங்கள் என்றா சொன்னேன்? அத்தனை போனும் மாடியைப் பார்த்துத் தூக்கியபடி. கீழே வாசலில் சாரநாதன் மாமா நாற்காலி போட்டு, மடியில் தேங்காய்த் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு ஜனம் தன் வீட்டுக்கு நேரே நிற்கிறதே என்று அவருக்குப் பெருமை. "தள்ளி நில்லுங்கோ, தேர் வரும், தள்ளி நில்லுங்கோ" என்று எல்லோரையும் உபசாரம் செய்துகொண்டிருக்கிறார்.

நான் என் ஜன்னலில் இருந்தேன். அக்கா இரண்டு முறை மாடிக்கு வந்தாள். கையில் பிழிந்த புடவை. முதல் முறை கீழே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டாம் முறை கம்பி வரைக்கும் வந்தாள். கீழே ஒரு பெண், "அதோ, அதோ வந்துட்டாங்க!" என்று கத்தினாள். அக்கா புடவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே என்னைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் ஏதாவது சைகை செய்திருக்கலாம். செய்யவில்லை. அவள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

தேர் வந்தது. அந்த மனிதர் நிமிர்ந்தார். கம்பியில் ஒன்றும் இல்லை.

அவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் இடித்துத் திட்டினார்கள். வடத்தை விட்டார். தலைத் துண்டைப் பிடுங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த முப்பது பேரையும் தள்ளிக்கொண்டு, அந்த வீட்டைப் பார்த்து ஓடினார். "அப்பா! அப்பா போயிட்டாரா? வகுளா, அப்பா எப்படி போனார்?" என்று அலறிக்கொண்டு.

அப்பா வாசலில்தான் இருந்தார். மடியில் தேங்காய்த் தட்டோடு.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. அவர் முகுந்தன். வகுளா அக்காவின் அண்ணா. இருபத்திரண்டு வருஷம் முன்னால் வேறு ஜாதியில் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்கு மாமா காவேரியில் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தாராம். மகளிடம் சத்தியம் வாங்கினாராம், நான் இருக்கிற வரைக்கும் அவனோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது என்று. அவள் பேசவில்லை, எழுதவில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டை விட்டுப் போகிற அன்றைக்கு அண்ணா சொல்லிவிட்டுப் போனாராம், தைத் தேருக்கு வடம் பிடிக்க வருவேன், அப்பா நன்றாக இருந்தால் செத்துப்போன அம்மாவின் புடவையை மாடியில் போடு, இல்லையென்றால் போடாதே, புரிந்துகொள்வேன் என்று. புடவை காயப்போடக் கூடாது என்று மாமா சத்தியம் வாங்கவில்லை. அவ்வளவுதான் அவர்களுக்குள். வருஷத்துக்கு ஒரு புடவை.

நான் அதைக் காதல் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். உங்களுக்கும் அப்படித்தானே தோன்றியது?

மாமா எழுந்திருக்கவில்லை. காலடியில் விழுந்து கிடந்தவரைப் பார்த்தார். எங்கள் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது போனும் இப்போது கீழே திரும்பியிருந்தன.

"யாருப்பா நீ?" என்றார். "தேர் அங்க போறது. வடத்த விட்டுட்டு வரலாமோ?"

அவ்வளவுதான் சொன்னார். முகுந்தன் எழுந்து நின்றார். அக்கா அதற்குள் புடவையும் கையுமாக இறங்கி வந்து நிலைப்படியில் நின்றாள். அண்ணாவும் தங்கையும் ஒரு கை தூரத்தில். அவள் வாயைத் திறக்கவில்லை. அப்போதும் சத்தியம். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தேர் போன பக்கம் போகாமல், எதிர்ப் பக்கம் நடந்துபோனார்.

மாமா அவளைப் பார்த்து, "சத்தியம் பண்ணிக் குடுத்தியே" என்றார்.

"நான் பேசலேப்பா. எழுதலே."

"புடவை பேசிடுத்து."

பிறகு உள்ளே போய், வெந்நீர் கேட்காமல், கிணற்றடியில் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டார். இரண்டாவது முறை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான், வைகாசியில் கண்ணை மூடுகிற வரைக்கும் மகளோடு பேசவில்லை. காரியத்தை ஒரு பங்காளி வீட்டுப் பையன் செய்தான். முகுந்தனுக்கு எங்கே சொல்லி அனுப்புவது என்று யாருக்கும் தெரியாது.

தெருவில் என்னை என்ன சொன்னார்கள் தெரியுமா? பக்கத்து வீட்டு ருக்கு மாமி என் காதுபட, "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சோம். ஊருக்கே மைக் வெச்சுட்டாளே!" என்றாள். அம்மா பத்து நாள் கோயிலுக்குப் போகவில்லை. எல்லாம் என் தலையில். அந்த முப்பது பேரை யாராவது கேட்டார்களா? செய்தி அனுப்பிய கம்பெனியைக் கேட்டார்களா? இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளையைத் தண்ணீரில் விட்டவரைக் கேட்டார்களா? பிள்ளை தனக்காகத் துடித்துக்கொண்டு ஓடிவருகிறான், யாருப்பா நீ என்கிறார். அவர் நல்லவர். எழுதியவள் கெட்டவள்.

இன்னும் ஏன் அதை எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எடுக்கலாம். இப்போது எடுத்து என்ன ஆகப்போகிறது? நடந்தது நடந்துவிட்டது. அதுவும் அது ஒன்றுதான் நான் நன்றாகச் செய்தது. மற்ற பதினொன்றும் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

சரி, கதவு. உங்களுக்கு அதுதானே குழப்பம். ஆவணியில் அக்கா பெயிண்டரைக் கூப்பிட்டுக் கதவை மரநிறமாக மாற்றிவிட்டாள். மாற்றட்டும், அவள் கதவு. அடுத்த நாள் நான் தூங்கி எழுந்து வருகிறேன், எங்கள் கதவில் அந்தப் பெயிண்டர். பச்சை அடித்துக்கொண்டிருக்கிறார்.

"அம்மா, யாரக் கேட்டு?"

"யாரக் கேக்கணும்? நம்ம கதவு பல்லிளிச்சுண்டு நிக்கறது. வகுளாவே வந்து, 'மாமி, பரண்ல ஒரு டப்பா திறக்காம இருக்கு, உங்காத்துக் கதவுக்கு அடிச்சுக்கோங்கோ, நானே ஆள் அனுப்பறேன்'னா. நல்ல மனசு. இவ்வளவு நடந்தும் நம்மாத்துப் படி ஏறி வந்தாளே!" என்றாள் அம்மா. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அவளிடம் சொல்லி என்ன? அம்மா ஒன்பதாவதைக் கேட்டதே இல்லை.

அதிலிருந்து எல்லோரும் இங்கேதான் நிற்கிறார்கள். பச்சைக் கதவு, மாடி ஜன்னல், ஜன்னலில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். காதில் என் குரலே சொல்கிறது, பாவம், காத்திருக்கிறாள் என்று. பரிதாபமாகப் பார்க்கிறார்கள். போன மாசம் ஒரு வயதானவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜன்னலைச் சாத்திவிடலாம். ஆனால் ஐந்தரை மணிக்கு எனக்கு வேறு எங்கே உட்காரத் தெரியும்? எதிர் ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. ஒரு நாள் திறக்கலாம்.

நேரமாகிறது உங்களுக்கு. பத்தாவது இடத்தில் வெயில் ஏறிவிடும், குடையை விரித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்ததற்காக நான் இறங்கி வரவில்லை. எல்லோரும்தான் எடுக்கிறார்கள்.

நீங்கள் வரும்போது முதலில் அந்த வீட்டில் நின்றீர்கள். நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், பச்சைக் கதவு எது என்று கேட்டீர்கள், இல்லையா? அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டினாள். உங்கள் தலை மறைத்துவிட்டது, அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பத்து மாசமாகத் தெரியவில்லை.

கையைக் காட்டும்போது, மேலே, ஜன்னல் பக்கம் பார்த்தாளா?

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். கையை மட்டுமா காட்டினாள், பார்க்கவும் செய்தாளா?